ஹவாசு ஏரிப் பக்கம் காசில்லாமல் கூடாரம்

அமெரிக்காவின் அரிசோனாவில் லேக் ஹவாசு சிட்டி என்றாலே எல்லோரும், லண்டனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1971-இல் அங்கே திறந்த லண்டன் பாலத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஊருக்கு வடக்கே, 95-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கிராகி வாஷ் என்ற காய்ந்த ஓடைப் பகுதி. மத்திய அரசின் பொது நிலம். நான் போனபோது 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம் என்றிருந்தது. தண்ணீர், கரண்ட், கழிப்பறை எதுவும் கிடையாது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர்கூட நாம் கொண்டுபோன கேனில் இருந்துதான். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். இருபுறமும் செம்பழுப்புப் பாறை, நடுவே காய்ந்த மணல் ஓடை. மேகம் கறுத்தால் ஓடைக்குள் தங்கவே கூடாது. எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். குளிர்காலத்தில் போங்கள், கோடை வெயில் ஆளைக் கொன்றுவிடும். அப்புறம், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். புதருக்கடியில் கிடக்கும் பீர் பாட்டில்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.