மறையூரில் முறை பேசிவிட்டுத்தான் கத்தி

கோவை நண்பர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தோட்டம் வாங்கி, ஒரே கிணறு, ஒரே டிராக்டர், ஒரே அடுப்பு என்று சேர்ந்து வாழப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டிராக்டர் முதலில் யாருக்கு என்ற கேள்வி வரும்வரை பேச்சு அருமையாகப் போகும்.

இப்படியொரு சேர்மானம் ஏற்கெனவே நடக்கும், வெல்லத்துக்குப் பேர்போன மறையூரைப் பார்க்கலாம் என்று உடுமலையில் பஸ் ஏறினேன். சின்னாறு சோதனைச் சாவடி தாண்டினால் கேரளா. மறையூர் டீக்கடையிலோ தமிழ்தான். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து தப்பி வந்து சேர்ந்து குடியேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று இங்கே சொல்கிறார்கள்.

கரும்பு வயலுக்கு நடுவிலேயே வெல்லம் காய்ச்சும் ஆலை. ஓலைக் கொட்டகை, தரையோடு அடுப்பு, அதன் மேல் அகலக் கொப்பரை. பிழிந்து காயவைத்த சக்கைதான் விறகு. பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றி, ஆறுவதற்குள் உள்ளங்கையில் உருட்டுகிறார்கள். உருண்டையில் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்கும் இந்த ஓர் ஆலைதான்.

"ஆளுக்கொரு ஆலை போட யார்கிட்ட காசு இருக்கு, தம்பி?" என்றார் அடுப்புப் பக்கம் நின்ற பெரியவர். "வெட்டுன கரும்பைப் போட்டு வச்சா வெல்லம் சரியா உறையாது. அதனால ஆலை யாருக்கு எப்போன்னு முறை பேசிட்டுத்தான் கத்தியையே எடுப்போம்."

"முறை தவறினா, ஐயா?"

"தவறினவன் கரும்பு வயல்லயே காயும்."

தாராள மனசு பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

பேரும் இங்கே பொதுச் சொத்து. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதாவது, இந்தப் பகுதி வெல்லத்துக்கு மட்டுமே இந்தப் பேர். அதற்கு முன்பிருந்தே நம் தமிழ்நாட்டு மலிவு வெல்லம் இந்தப் பேரில் கடைகளில் விற்று வந்தது. கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒருவர் கலந்தால் எல்லாருக்கும் விலை விழும்.

சரி, இரண்டு கிலோ கொடுங்கள் என்றேன். பெரியவர் தொட்டியைத் தொடவே இல்லை. "இது பக்கத்து வயல் அக்காவோட வெல்லம். அவங்க கரும்புக்கட்டு எடுக்கப் போயிருக்காங்க, வரட்டும்" என்றார். அந்த அக்கா வந்து விலை சொல்லி எடை போடுவதற்குள் உடுமலை பஸ் போய்விட்டது.