நெட் ஸ்பீடு 94-லயே நிக்குதா? லைன்காரர திட்டுறதுக்கு முன்னாடி ஒயர பாருங்க

100க்கு மேல பிளான் இருந்தும், ஒயர்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டா 93, 94, 95ன்னு வந்து அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது, ராத்திரி பாத்தாலும் விடியக்காலைல பாத்தாலும் அதே நம்பர்தான்னா, வீட்டுக்குள்ள எங்கயோ ஒரு லிங்க் (ஒயர் இணைப்பு) 100 எம்பிபிஎஸ்ல (Mbps, நெட் ஸ்பீடோட அளவு) உக்காந்துருச்சுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். லைன் மோசம்னா நம்பர் ஆடும், சாயங்காலம் 40 காட்டும், மதியம் 200 காட்டும். டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டாதான் போகும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஹெட்டர் (விலாசம் மாதிரி ஒரு தலைப்பு), இடைவெளின்னு கழிவு போக 100ல கைக்கு வர்றது 94, 95 தான், அதான் அந்த நம்பர்.

கானாடுகாத்தான்ல பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டுல இதே கூத்து. 300 எம்பிபிஎஸ் பிளான், ரூட்டர் முகப்புல (வீட்டு முன்பக்கம்) இருக்கு, கம்ப்யூட்டர் உள்ள ரெண்டாங்கட்டுல இருக்கு, நடுவுல வளவு (முற்றம்). நம்ம செட்டிநாட்டுப் பக்கம் உள்ள வீடுக தெரியும்ல, இந்தத் தெருவுல வாசல்னா அடுத்த தெருவுல கொல்லை, சுவரு வேற கோட்டை மாதிரி, முகப்ப தாண்டி வைஃபை வந்தாலே பெரிசு. அதனாலதான் ஒயர் இழுத்துருக்காங்க, ஆனா முகப்புல நின்னு போன்ல வைஃபைல பாத்தா 250க்கு மேல வருது, ரெண்டாங்கட்டுல ஒயர்ல 94! "ஏண்டா, ஒயர்தான ஸ்பீடுன்னு சொன்னீக?"ன்னு பெரியப்பச்சி கேக்குறாக, கஸ்டமர் கேர்ல என்னடான்னா ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்கிற பாட்டுதான்.

வைஃபைலயே 250 வருதுன்னா லைன் மேல குத்தமில்ல, அதுல நேரத்த வீணாக்காதீங்க. அடுத்து லேப்டாப்ப எடுத்துட்டுப் போய் சின்ன ஒயர்ல ரூட்டர்லயே நேரா சொருகிப் பாக்கணும். விண்டோஸ்ல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட்னு போனா லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும், 1000/1000ன்னு வந்தா போர்ட் (ஒயர் சொருகுற எடம்) சரி. 100/100ன்னு வந்தா ரூட்டர் போர்ட்டே 100 தானான்னு சந்தேகப்படணும், ஏன்னா அட்டைப்பெட்டில 1200ன்னு கொட்டை எழுத்துல போட்டு வைஃபைக்கு மட்டும் அத குடுத்துட்டு, பின்னாடி போர்ட்ட 10/100ஆ வச்சு விக்கிற சீப் ரூட்டருங்க ஏகப்பட்டது இருக்கு (இது சுத்த ஏமாத்து வேலைன்னுதான் நான் சொல்லுவேன்). லேப்டாப்ல நெட் ஒயர் சொருக மாட்டுற பழைய யூஎஸ்பி லேன் அடாப்டர்லயும் இதே கததான்.

இங்க முகப்புல 1000 வந்துச்சு, அதே லேப்டாப்ப ரெண்டாங்கட்டுல சொருகுனா 100. அப்ப ஒயர்தான். ஒயருக்குள்ள நாலு ஜோடி இருக்கும், ஆரஞ்ச், பச்ச, நீலம், பிரவுன். 100 எம்பிபிஎஸ்க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், ஆனா ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நாலு ஜோடியும் வேணும், நீலமோ பிரவுனோ ஒண்ணு அறுந்தாலும் ரூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிட்டு பெரும்பாலும் சத்தமில்லாம 100க்கு எறங்கிரும், நெட்டு பாட்டுக்கு ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஒயர் போற வழியே தேக்கு உத்திரத்த ஒட்டி பாத்துட்டே வந்தா, வளவு மூலைல கேமரா பக்கத்துல ஒயர வெட்டி, நீலத்தையும் பிரவுனையும் பிரிச்சு அதுல கேமராவுக்கு 12 வோல்ட் கரண்ட் குடுத்து வச்சுருக்காங்க! புதுசா ஒயர் இழுக்கணும்னா சுவத்துல ஓட்ட போடணும், சுண்ணாம்புச் சுவத்துல ட்ரில் வைக்க அப்பத்தா விடமாட்டாக, கேமரா போட வந்தவரு கைல இருந்தத வச்சு முடிச்சுட்டாரு. பாவம், அவரயும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

வெட்டுன எடத்த முறுக்கி டேப் சுத்தி ஒட்டவெல்லாம் வேணாம். கேமராவுக்கு தனி பவர் ஒயர் விட்டுட்டு, நெட்டுக்கு முகப்புலேருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒட்டே இல்லாம புது கேபிள் அதே உத்திரத்து வழியா இழுத்தாச்சு, ஓட்ட எதுவும் போடல. இப்ப லிங்க் 1000, டெஸ்ட்ல 290 பக்கம் வருது.

கேட்5இ (Cat5e) ரக நெட் கேபிளே 100 மீட்டர் வரைக்கும் ஜிகாபிட் தாங்கும், அதனால காரைக்குடி கடைல கேட்7, கேட்8னு ஏத்திவிட்டா மயங்காதீங்க. கேக்க வேண்டியது ப்யூர் காப்பரான்னு மட்டும்தான், கம்பிய பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்துல செம்பு பூசுனது, அப்படியே திருப்பிக் குடுத்துருங்க.