சித்தப்பாவின் மட்டையில் பதினொரு கையெழுத்துகள்

சார்ஜாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் சித்தப்பா, குலசேகரத்தில் உள்ள தம் வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு கிரிக்கெட் மட்டையை மாட்டி வைத்திருந்தார். 1985 மார்ச் 22 அன்று, 125 ஓட்டங்களில் ஆட்டமிழந்த இந்திய அணி பாகிஸ்தானை 87 ஓட்டங்களில் மடக்கிய அந்த ஆட்டம் முடிந்த மறுநாள், ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த விடுதியில் காத்து நின்று வாங்கிய கையெழுத்துகள் அதில் இருப்பதாகச் சொல்வார். அவர் மறைந்த பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒருவர் அந்த மட்டையை விலைக்குக் கேட்டார். இவை உண்மையானவைதாம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றும் கேட்டார். சித்தி என்னை அழைத்து, "உங்க சித்தப்பா பொய் சொல்ல மாட்டாரு. ஆனா எனக்கும் உறுதியா தெரியணும்" என்றார்.

நான் தொடங்கிய விதமே தவறு. இணையத்தில் கிடைத்த கபில் தேவ் கையெழுத்துப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துப்போன இடங்களில் மகிழ்ந்தேன், ஒத்துப்போகாத இடங்களுக்குச் சமாதானம் தேடினேன். சித்தப்பாவின் மேல் இருந்த அன்புதான் அங்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்ததே தவிர, கண் அல்ல. அதை எனக்குப் புரிய வைத்தவர், தக்கலையில் நாற்பது ஆண்டுகள் ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எத்தனையோ கள்ளக் கையெழுத்துகளைப் பார்த்தவர் அவர். "பேர வாசிக்காத மக்களே, கோட்டப் பாரு. மட்டையத் தலைகீழா திருப்பி வச்சுப் பாரு" என்றார். தலைகீழாகத் திருப்பியதும் பெயர்கள் மறைந்து, வளைவுகளும் சாய்வுகளும் மட்டுமே எஞ்சின. பதினொன்றும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்திருந்தால் ஒருவரே உட்கார்ந்து எழுதியதாகக் கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை, இடமும் அளவும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறின.

அடுத்து, நாகர்கோவிலில் நகை வேலை செய்யும் நண்பர் ஒருவரிடமிருந்து பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வாங்கி வந்தேன். அச்சிட்ட கையெழுத்துடன் விற்கப்படும் நினைவு மட்டைகள் உண்டு. அவற்றில் கோடு பெரும்பாலும் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்து தெரியும், அல்லது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அடர்த்தியில் தட்டையாக இருக்கும். கையால் வேகமாக எழுதிய கோடோ மெல்லத் தொடங்கி, திருப்பத்தில் தடித்து, முடிவில் முடியிழை போலத் தேய்ந்து போகும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை இரட்டிப்பாக அடர்ந்திருக்கும். மட்டை மரம் மென்மையானது என்பதால் பால்பாயிண்ட் பேனா அதில் பள்ளம் பதிக்கும். ஸ்கெட்ச் பேனாவின் மையோ மரத்தின் ரேகை வழியே சற்றுக் கசியும். ஒன்பது கையெழுத்துகளில் இவை எல்லாம் இருந்தன. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடித்தும் பார்த்தேன். அதனால் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

மற்ற இரண்டும் கவாஸ்கருடையதும் கபில் தேவுடையதும். லென்ஸில் அந்தக் கோடுகள் தயங்கித் தயங்கிச் சென்றன. நடுவழியில் பேனாவை எடுத்து மீண்டும் வைத்த புள்ளிகள், லேசான நடுக்கம், முனை தேயாமல் மழுங்கி நின்ற முடிவு என்று, பார்த்துப் பார்த்து வரைபவரின் கையில் காணும் குறைகள் அத்தனையும் அங்கே இருந்தன. விலை மதிப்பு மிகுந்த இரண்டு பெயர்கள் மட்டும் போலி என்றால், அதன் பொருள் என்ன? அன்று இரவு சித்தியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தேன்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் மட்டையைச் சாய்த்துப் பிடித்தபோதுதான், கபில் தேவின் கறுப்புக் கோட்டுக்குச் சற்று விலகி, வெளிறிய நீலக் கோடு ஒன்றும் அதன் அடியில் மெல்லிய பள்ளமும் தெரிந்தன. கவாஸ்கரின் கடைசிச் சுழிப்பிலும் அவ்வாறே. பழைய கையெழுத்தின் மேல் யாரோ புதிய மையால் எழுதியிருக்கிறார்கள். சித்தியிடம் கேட்டேன். 2011இல் இந்தியா உலகக் கோப்பையை வென்ற வாரத்தில், மாலை வெயில் பட்டு மங்கிப்போயிருந்த அந்த இரண்டு பெயர்களையும், அப்பாவை மகிழ்விக்க எண்ணி, சித்தப்பாவின் மகனே மார்க்கர் பேனாவால் துலக்கியிருந்தான்.

அதன் பிறகே ஒப்பீட்டுக்குப் போனேன். இப்போதைய கையெழுத்துகளை வைத்துப் பழையதை அளக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் போட்டுப் போட்டு அது சுருங்கிவிடுகிறது. மட்டை நிறுவனங்கள் ஒட்டும் தாளில் உள்ளதும் உதவாது, அது நிதானமாக எழுதி அச்சிட்டது. மார்த்தாண்டத்தில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியரிடம், திருவனந்தபுரம் பல்கலைக்கழக மைதானத்துக்குப் போய்ச் சேகரித்த நோட்டுப் புத்தகம் இருந்தது: 1984 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவுடன் ஆடி மழையால் நின்றுபோன ஆட்டத்தில் வாங்கிய வெங்சர்க்காரின் கையெழுத்தும், 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 101 ஓட்டங்கள் எடுத்த ஸ்ரீகாந்தின் கையெழுத்தும் அதில் உள்ளன. இரண்டும் மட்டையில் இருப்பவற்றோடு வேகத்திலும் விகிதத்திலும் பொருந்தின. சித்தப்பா சொன்ன ஆட்டத்தின் ஆட்டக்காரர் பட்டியலையும் சரிபார்த்தேன். விக்கெட் காப்பாளராக அந்நாளில் பெயர் பெற்றிருந்த கிர்மானி அல்ல, சதானந்த் விசுவநாத் ஆடினார், மட்டையிலும் அவரே இருக்கிறார். புகழ் பெற்ற பெயர்களை மட்டும் தேடிப் போலி செய்பவர் அவரை நினைவில் வைத்திருப்பாரா என்பது என் எண்ணம்.

சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவில் எஃப்பிஐ நடத்திய 'ஆப்பரேஷன் புல்பென்' விசாரணையில் அகப்பட்ட போலிப் பொருள்கள் சான்றிதழ்களோடுதான் விற்கப்பட்டன. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட அவற்றில் இருந்தன. ஆகவே நான் கண்டவற்றைப் பெயர் வாரியாகத் தாளில் எழுதி, ஒன்பது கையால் எழுதியவை, இரண்டு மேலெழுதப்பட்டவை என்று, படங்களோடு வாங்க வந்தவருக்கு அனுப்பினேன். அவர் விலையைப் பாதியாகக் குறைத்தார், சித்தி கொடுக்கவில்லை.

மேலே உள்ள மையை மட்டும் துடைத்தெடுக்க முடியுமா என்று தம்பி கேட்டான். மார்க்கர் மையைக் கரைக்கும் எதுவும் அடியில் உள்ள நீல மையையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்று சொன்னேன். மட்டை இப்போது பருத்தித் துணியில் சுற்றப்பட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கிறது.