பட்டை பிளந்த மந்தாரை

புல் வெட்டும் இயந்திரம் ஒரு மரத்தைக் கொல்லும் என்றால் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. தோட்டத்தில் என்னோடு இருந்த தம்பியும் நம்பவில்லை. மந்தாரையை ஒட்டித் தள்ளிக்கொண்டு போனபோது இயந்திரத்தின் இரும்பு விளிம்பு தண்டில் மோதிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை கிளம்பி, கீழே மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உள்ளே மரம் வெளுப்பாக, ஈரமாகப் பளபளத்தது.

"செத்துவிடுமா அண்ணா?" என்றான். குரல் நடுங்கியது.

சணல் கயிற்றால் தண்டைச் சுற்றி அளந்தேன். காயம் சுற்றளவில் கால் பங்குக்குள் இருந்தால் மரம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பாதியைத் தாண்டினால் நம்பிக்கை குறைவு. எங்களுடையது மூன்றில் ஒரு பங்கு. இலையில் உண்டாகும் சர்க்கரை பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் ஏறுவது உள்கட்டை வழியாக என்பதால் இலைகள் மட்டும் வெகுநாள் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து நான் ஏமாந்த மரங்கள் உண்டு.

தொங்கிய பட்டை காயாமல் இருந்தது எங்கள் பாக்கியம். தண்ணீர் தெளித்து, இருந்த இடத்திலேயே பொருத்தி, மெல்லிய ஆணிகள் இரண்டை அடித்தோம். மேலே ஈரத்துணி, அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் தாள், வெயில் படாமல் ஒரு சாக்கு. இரண்டு வாரம் கழித்துப் பிரித்தபோது கீழ்ப்பாதி பிடித்திருந்தது. மேல்பாதி பழுப்பேறிக் காய்ந்துவிட்டது. கத்தியைத் தீட்டி, காய்ந்ததை மட்டும், பச்சை விளிம்பு தெரியும்வரை சீவினேன். அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.

தார் பூசச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நானும் ஒரு காலத்தில் பூசியவன்தான். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தார். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, மரம் அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பிப் புதிய கட்டையால் மூடுகிறது என்று 1970-களில் விளக்கினார். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்துக் கெடுக்கவும் செய்யும். அதைப் படித்த பிறகு தார் டப்பாவை நான் தொடவில்லை.

உரமும் வைக்கவில்லை. தண்டைத் தொடாமல் நான்கு விரல் கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு, மண் காயும்போது தண்ணீர், அவ்வளவுதான். கை சும்மா இருக்க மறுக்கும்; இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமானது அதுதான்.

மறு வருடம் மந்தாரை பூத்தது. காயத்தின் இரு ஓரத்திலும் பட்டை உருண்டு, விரல் கனத்துக்கு உள்நோக்கி வளர்ந்திருக்கிறது. காயத்துக்கு நேர்மேலே உள்ள ஒரு கிளையில் மட்டும் இலைகள் சிறுத்தே விடுகின்றன. வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டான். நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இன்னும் பச்சை.