குற்றவியல் நீதிப் படிப்பு: நினைத்துச் சேர்ந்ததும் சென்று சேர்ந்ததும்

குற்றவியல் நீதிப் பாடத்தில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பலருக்குத் துப்பறிவாளராகும் கனவு இருந்தது. எனக்கோ தடய அறிவியல் கூடத்தில் வெள்ளை அங்கியோடு நிற்கும் கனவு. ஆய்வுக்கூடப் பணிக்கு வேதியியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும் என்று முதல் மாதத்திலேயே ஓர் ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். சேருவதற்கு முன் ஒரே ஒரு வேலை அறிவிப்பையாவது முழுமையாகப் படித்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

முதலாண்டுக் கோட்பாட்டுப் பாடங்கள் சுவையாகவே இருந்தன. தண்டனையின் கடுமையைவிட, அது தவறாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா வாதிட்டதை வைத்து வகுப்பில் மணிக்கணக்கில் சண்டையிட்டிருக்கிறோம். என்னைத் திணறடித்தது புள்ளியியல்தான். 1945இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 சிறுவர்களின் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்த உல்ஃப்கேங் குழுவினர், பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் வெறும் 6 விழுக்காட்டினர் செய்தவை என்று 1972இல் காட்டினார்கள். அந்தக் கணக்கை ஒருவழியாகப் புரிந்துகொண்ட மகிழ்ச்சியில் நான் இருந்தபோது, "இவை நடந்த குற்றங்களா, காவலர் எழுதிவைத்த குற்றங்களா?" என்று பேராசிரியர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியின் பொருள் இறுதியாண்டுக் களப்பயிற்சியில்தான் உறைத்தது. பயிற்சி கிடைத்தது, சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் கண்காணிப்பில் விட்டவர்களைக் கவனிக்கும் ஒரு நன்னடத்தை அலுவலகத்தில். 1841இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் பிணையெடுத்த ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளியிடமிருந்து கிளைத்த பணி அது என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அதன் அன்றாட வேலை பெரும்பாலும் எழுத்து வேலை என்பது எனக்குத் தெரியாது. திருட்டு வழக்கில் கண்காணிப்பில் இருந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் மூன்று சந்திப்புகளுக்கு வரவில்லை. "ஒத்துழைக்க விருப்பமில்லாதவர்" என்று அறிக்கையில் எழுதினேன். மேற்பார்வையாளர் அந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, "எதைப் பார்த்து எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். விசாரித்ததில், அந்த மூன்று நாட்களுமே அவர் இரவுப்பணி முடித்துத் திரும்பிய காலைகள் என்று தெரியவந்தது. சந்திப்பை மாலைக்கு மாற்றினோம்; தவறாமல் வந்தார். நான் எழுதியபடியே அறிக்கை நீதிபதியிடம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

வேலை விஷயத்தில் இந்தப் பட்டம் நேரடியாக ஒரு தொழிலுக்கு உரிமம் தருவதில்லை. இதைச் சேர்க்கையின்போதே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை. வழக்கறிஞராக விரும்பிய தோழி மறுபடியும் சட்டம் படித்தாள். காவல்துறையில் சேர்ந்தவர்கள் தனித் தேர்வும் உடற்தகுதிச் சோதனையும் கடந்தார்கள். சிறை நலப்பணி, பாதிக்கப்பட்டோருக்கான உதவி மையம், வங்கியின் மோசடி விசாரணைப் பிரிவு என்று மற்றவர்கள் பிரிந்தார்கள். புள்ளியியலை விரும்பிப் படித்த ஒருவர் மட்டும் ஆய்வுக்குப் போனார்.

நான் நன்னடத்தைப் பணிக்கே விண்ணப்பித்தேன். நேர்காணலில் பெக்காரியாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு கோப்பைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதச் சொன்னார்கள். வராத சந்திப்புகளின் தேதிகளை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கான காரணம் கோப்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.