நூலகத்தில் நிரலாக்க வகுப்பு

பொது நூலகத்தில் சிறுவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க முன்வருவோர் பெரும்பாலும் கணினிகளின் எண்ணிக்கையைப் பற்றியே முதலில் கவலைப்படுகிறார்கள்; அதைவிடக் கடினமானது, வாரந்தோறும் வெவ்வேறு பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் பாடத்தைத் தொடர்ச்சியாக நடத்துவதுதான் என்பது என் எண்ணம். பள்ளியைப் போல இங்கே வருகைப் பதிவேடு இல்லை. ஆகவே ஒவ்வோர் அமர்வும் ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கி முடியும் தனிப் பணியாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2012இல் தொடங்கிய கோட் கிளப் என்ற சிறுவர் நிரலாக்க மன்ற அமைப்பு, படிப்படியான செய்முறைகளை இலவசமாகத் தருவதால், நிரலாக்கம் அறியாத நூலகரும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றபடியே வகுப்பை நடத்த முடிகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரலாக்க மொழி, கட்டளைகளை வண்ணத் துண்டுகளாகத் தருகிறது. அவற்றை இழுத்து ஒட்டினால் போதும் என்பதால், ஓர் எழுத்துப் பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இல்லை. இணையம் அடிக்கடி அறுபடும் நூலகங்களில் இணையமின்றி இயங்கும் அதன் செயலியை முன்கூட்டியே நிறுவிவிடுவது நல்லது.

இரு பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்பதை நான் குறையாகக் கருதவில்லை: ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் அடுத்த கட்டளையைச் சொல்ல, சற்று நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் போதும் (மாற வைப்பதுதான் பெரும்பாடு). பிள்ளை திணறும்போது மவுஸைப் பிடுங்கித் தாமே செய்துகாட்டும் பெற்றோரை நாளிதழ்ப் பகுதிக்கு அன்போடு அனுப்பிவிடலாம்.