தரைக்குள் புதைத்த லூப்பைச் சோதிக்க ஒரு டோன் ஜெனரேட்டர்

அப்பாவின் காது கேட்கும் கருவியில் டி-காயில் (காந்தப்புலத்தைப் பிடிக்கும் குட்டிச் சுருள்) உண்டு. ஹாலைச் சுற்றி ஒயர் வளையம் (லூப்) போட்டு, டிவியின் ஒலியை அதில் மின்னோட்டமாக ஓடவிட்டால் கருவி அந்தக் காந்தப்புலத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஃபேன் சத்தம் குறுக்கே வராது. தரை மாற்றியபோது 4 மீட்டர் சதுரமாக, இரண்டு சுற்று, 1 சதுர மி.மீ. ஒயரை டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிட்டோம்.

மல்டிமீட்டர் அரை ஓமுக்குச் சற்று மேல் காட்டுகிறது. ஒயர் அறுபடவில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதனால்தான், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மின்னலையை லூப்பில் ஓடவிட இந்த டோன் ஜெனரேட்டர்.

555 ஐசி போதும் என்று பலர் சொல்வார்கள். ஒயரைத் தேட மட்டும் என்றால் போதும்தான். ஆனால் அதன் சதுர அலையில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அளக்க முடியாது. எனவே டிஎல்072 ஆப்-ஆம்ப் ஐசியில், ஒரே அதிர்வெண்ணுள்ள அலையைத் தரும் வீன் பிரிட்ஜ் சர்க்யூட் கட்டினேன். 1939-இல் ஹெவ்லெட் பேக்கார்டின் 200ஏ ஆஸிலேட்டரில் இருந்ததும் இதே பிரிட்ஜ். அலையின் உயரத்தை நிலையாக வைக்க அதில் ஒரு சிறு பல்ப் இருந்தது, நான் இரண்டு டயோடு வைத்தேன். 16 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ். ரெசிஸ்டரை 3.3 கிலோ ஓம் ஆக்கினால் 4800. அப்புறம் அந்த அலையைப் பெருக்கி லூப்புக்குக் கொடுக்க ஒரு டிடிஏ2030 ஆம்ப்.

முக்கியமான இடம் இனிதான். இந்த லூப்பின் இண்டக்டன்ஸ் (அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டத்தை அதிகமாகத் தடுக்கும் குணம்) கிட்டத்தட்ட 100 மைக்ரோஹென்றி. 1000 ஹெர்ட்ஸில் அதன் தடை 0.6 ஓம்தான், 5000-இல் 3 ஓம். ஆம்ப்பை நேராக இணைத்தால் 5000-இல் மின்னோட்டம் கால்வாசியாக இறங்கிவிடும். பேச்சைத் தெளிவாக்கும் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் இருப்பதே அந்த மேல் பகுதியில். வரிசையில் 4 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் சேர்த்து, அதன் குறுக்கே ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன்: 1000-இலிருந்து 4800-க்குப் போகும்போது மின்னோட்டம் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. இப்படிப்பட்ட லூப்களுக்கான ஐஇசி 60118-4 என்ற சர்வதேசத் தரம் 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. இது அதற்குள் அடங்கும். (மலிவான மல்டிமீட்டரின் ஏசி அளவை இங்கே நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது.)

ஒயர் போகும் வழியைப் பார்க்க, பழைய ரேடியோவின் ஃபெரைட் ராடில் (உள்ளே இருக்கும் ஆன்டெனா தண்டு) காயில் சுற்றி, சின்ன ஆம்ப் வழியாக இயர்போனில் கேட்டேன். ராடின் முனை ஒயரை நோக்கி நேராக நிற்கும்போது சத்தம் அடங்கிவிடும். செங்குத்தாகப் பிடித்து நகர்த்தினால் சத்தம் அடங்கும் இடத்துக்கு நேர் கீழே ஒயர். அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு, ராடை 45 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். மறுபடி சத்தம் அடங்கும் இடத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம்தான் ஆழம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போன வித்தை. சமையலறைப் பக்க மூலையில் ஒயர் சுவரை விட்டு ஒரு முழம் உள்ளே வளைந்து போவது இப்படித்தான் தெரிந்தது. அங்கே தண்ணீர்க் குழாய் இருப்பதால் கொத்தனார் ஒதுக்கிப் போட்டிருக்கிறார்.

டி-காயில் கருவியில் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும், ஆகவே அதுவும் ஒயருக்கு நேர் மேலே ஊமையாகிவிடும். அந்த மூலையில் இருக்கும் அப்பாவின் நாற்காலியை ஹாலுக்கு நடுவே கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். அடுத்து டிவியிலிருந்து வரும் ஒலிக்கான நிரந்தர ஆம்ப்.